காலாட்டுகிறான்

மதியம் இரண்டரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.
கையில் கிரீஸ் முழுதாகப் போகவில்லை.
முதுகில் நிறுவனத்தின் பெயர் எழுதிய சட்டையோடு
தொடக்கநிலை ஐந்து வகுப்பறையில்
என் மகன் யுகேந்திரனின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.
முழங்கால் மேசைக்கு அடியில் நுழைய மறுத்தது.

மிஸ் நூராஷிகின் நல்லவர், குரல் உயர்த்தாதவர்.
கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.
பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்கள்.
வாரம் போகப் போகப்
பையன் சிவந்துகொண்டே வந்திருந்தான்.

காலாட்டுகிறான்.
நாற்காலியைப் பின்னங்கால்களில் நிறுத்துகிறான்.
கேள்வி முடியுமுன் பதில் சொல்கிறான்,
பதில் சரிதான், ஆனால் கைதூக்கவில்லை.
பென்சிலைப் பிளந்து உள்ளே பார்க்கிறான்.

"இந்த வகுப்பில் சிவப்பு வாங்குகிறவர்கள் எல்லாருமே
பையன்கள்..." என்று தொடங்கியவர்
அதோடு நிறுத்திக்கொண்டு சன்னலைப் பார்த்தார்.
அவருக்கும் ஒரு தம்பி இருக்கலாம்.

நாற்காலியின் நான்கு கால்களிலும்
பழைய டென்னிஸ் பந்துகளைக் கீறிச் செருகியிருந்தார்கள்,
நகர்ந்தால் சத்தம் கேட்காமலிருக்க.
பந்துக்கு அங்கே அதுதான் வேலை.

என் காலத்தில் இதற்கு ரோத்தான் இருந்தது.
பெண்பிள்ளைகளுக்குக் கிடையாது. விதி அப்படி.
உயர்நிலை இரண்டில் இரண்டு அடி வாங்கினேன்.
எதற்கென்று மறந்துவிட்டது.
பேருந்தில் இடம் காலியாக இருந்தும்
புக்கிட் பாஞ்சாங் வரை நின்றுகொண்டே வந்தது
மறக்கவில்லை.
இவனுக்கு அடி இல்லை, கட்டம்.
எது மேல் என்று என்னைக் கேட்காதீர்கள்.
எனக்காவது எங்கே வலித்ததென்று தெரிந்தது.

அவர் பேசப் பேச என் விரல்
மேசைப் பலகையின் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தது.
கோடுகள். கவராய முனையால் கீறியவை.
நாலு நேராக, ஒன்று குறுக்காக,
நாலு நேராக, ஒன்று குறுக்காக,
விரல் போகிற தூரம்வரை.
எதை எண்ணியிருப்பான்?
மிஸ்ஸிடம் சொல்லவில்லை. பள்ளிச் சொத்து.
குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது,
என் வலது கால் ஆடிக்கொண்டிருந்தது.

வந்ததிலிருந்தே ஆடியிருக்கும்.

"வீட்டுக்குப் போனதும் கொஞ்சம் ஓட விடுங்கள்" என்றார்.
எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில்
பந்து உதைக்கக் கூடாதென்று பலகை.
பலகையை மதிக்காதவர்களுக்காகத்
தூணுக்குத் தூண் இரும்புக் கம்பி.
திங்கள் கணக்கு டியூஷன், புதன் அறிவியல்,
சனிக்கிழமை கட்டுரை.
மிச்சமிருப்பது படிக்கட்டு.

தினமும் மின்தூக்கியோடு பந்தயம் ஓடுவான்.
நான் உள்ளே, அவன் படியில்.
பதினோராம் மாடி.
ஆறுவரை அவன்தான் முன்னால்.
அதற்குமேல் இயந்திரத்துக்கு மூச்சு வாங்குவதில்லை.
அதன் வேகம் எனக்குத் தெரியும்,
மாதாமாதம் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான்.

அன்று கதவு மூடியதும்
எந்தப் பையன் செய்தாலும் நான் திட்டுகிற ஒன்றைச் செய்தேன்.
இரண்டிலிருந்து பத்துவரை
அத்தனை பொத்தான்களையும் அழுத்தினேன்.
ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து
ஆளில்லாத நடைபாதையைக் காட்டியது,
யாரோ காயப்போட்ட துணி,
ஒரு மிதிவண்டி,
மறுபடி மூடியது.
தலைக்குமேல் எங்கேயோ காலணிச் சத்தம்.
பிறகு அதுவும் இல்லை.

மேலே நின்றிருந்தான்.
வியர்வை, இளைப்பு, செக்கச் சிவந்த முகம்.
இந்தச் சிவப்புக்கு அவர்களிடம் கட்டம் கிடையாது.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
"எல்லா நம்பரையும் அமுக்கிட்டீங்க.
ஒவ்வொரு மாடியிலயும் கதவு திறந்தது கேட்டுச்சு.
இது சேராது அப்பா."

பள்ளிப் பையைக் கழற்றி வாசலில் போட்டான்.
பதினோரு மாடியும் அதோடுதான் ஏறியிருக்கிறான்.

"கீழ போவோம். மறுபடி."